பிரண்டி ஊற்றாத தட்டு

ஹட்டன்
12.11.2023

அன்புள்ள அண்ணிக்கு,

இன்று தீபாவளி. கராஜ் பூட்டு. விடிய ஐந்து மணியில் இருந்து தோட்டத்து லயன் வீடுகள் பக்கம் வெடிச் சத்தம். வேலை இல்லாத நாளில் அறைக்குள் இருந்து சுவரைப் பார்க்க வேண்டி வருகிறது. அதனால் வழமையை விட முந்தியே எழுதுகிறேன்.

எழுத இன்னொரு காரணமும் உண்டு. பழைய அறையை விட்டுவிட்டேன். வீட்டுக்காரரின் மகன் கலியாணம் முடித்துக்கொண்டு வந்துவிட்டான், அவனுக்கு அறை வேண்டுமாம். புது விலாசம் பின்பக்கத்தில். கேக் பார்சலை அதற்கே அனுப்புங்கள். வழமை போல ஏழு துண்டு போதும். டிசம்பர் இருபத்தைந்தாம் திகதி தொடங்கி முப்பத்தோராம் திகதி வரை, நாளுக்கு ஒன்று, காலைத் தேத்தண்ணியோடு. பதினொரு வருடமாக எனக்கு நத்தார் என்றால் அதுதான்.

ஜமால்தீன் நானாவுக்கும் மற்ற முஸ்லிம் வீடுகளுக்கும் என்று நீங்கள் பிரண்டி ஊற்றாமல் ஒரு தட்டு வேறாக வைப்பீர்களே, அதில் இருந்துதான் எனக்கும் வெட்டுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். குடிகாரனுக்கு ஹலால் கேக். முதல் வருடம் பார்சலைத் திறந்து மணந்து பார்த்துவிட்டுச் சிரித்தேன். பிறகு அழுதேன். அது என்னை நம்பிச் செய்ததா, நம்பாமல் செய்ததா என்று இன்றைக்கும் விளங்கவில்லை. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு நான் ஒரு சொட்டும் தொடவில்லை.

இந்த முறை ஒன்று கேட்கப் போகிறேன். நத்தாருக்கு நான் வீட்டுக்கு வரலாமா என்று அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள். செய்தது பிழைதான். நத்தார் ஆராதனையில் போதகர் செபம் பண்ணும்போது எழும்பி நின்று பாடி, சோடித்த சவுக்கு மரத்தோடும் லைட்டோடும் சேர்ந்து விழுந்தவன் நான். அண்ணன் சேர்ச்சில் பொறுப்பான ஆள், அவருக்கு அது எவ்வளவு அவமானம்! மத்தியானம் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் வைத்து, "இனி இந்த வாசலை மிதிக்காத" என்றார். மிதிக்கவில்லை. என் வாழ்நாளில் அவர் சொல்லிக் கேட்டது அது ஒன்றுதான். அவர் தன் வாயால் வா என்றால் வருவேன். இல்லையென்றால் கோபம் இல்லை, கேக்கை மட்டும் அனுப்புங்கள்.

இதையும் ஜமால்தீன் நானாவின் பேக்கரி விலாசத்துக்கே போடுகிறேன். அண்ணனுக்குத் தெரிந்தால் உங்களுக்குத்தான் பேச்சு விழும். பதினாலு வயதில் தாயில்லாமல் நின்ற என்னை வளர்த்ததற்கு நீங்கள் வாங்கின பேச்சே போதும்.

முழங்கால் நோ எப்படி?

உங்கள்
இராகுலன்


(எழுதி, தபாலில் போடாத கடிதம்)

ஓர்ஸ் ஹில்
திருகோணமலை
19.11.2023

இராகுலன்,

உன் கடிதத்தை நேற்று ஜமால்தீனின் மனைவி நஜ்முன் நிஸா கொண்டுவந்து தந்தாள். உறை பிரிக்காமல் இருந்தது. "ஐயா, டீச்சர்ட பேருக்கு வந்திருக்கு. தம்பிக்கு இன்னும் தெரியாதா?" என்று கேட்டாள். நான் உறையைத் திருப்பிப் பார்த்தேன். அவள், "நாங்க எழுதினாச் சரியில்ல. நீங்களே எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உன் அண்ணி ஜூலை எட்டாம் திகதி இறந்துபோனாள். காலையில் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் எழும்பி வந்து கதிரையில் இருந்தாள். "ஒரு மாதிரிக் கிடக்கு" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் எல்லாம் முடிந்துவிட்டது.

செத்த வீட்டில் ஜமால்தீன் என்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பிக்கு அறிவிச்சாச்சா?" என்று கேட்டான். நான் "ஓம்" என்றேன். பொய். உன் விலாசம் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவனிடம் கேட்டிருந்தால் அந்த நிமிடமே கிடைத்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. உண்மையான காரணம் வேறு. நீ வந்தால் சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுவாய். வந்தவர்கள் எல்லாரும் உன்னைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். அதற்குப் பயந்தேன்.

அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் உன் அண்ணி பாக்கியம் ஒட்டி வைத்த கேக் பட்டியல் இன்னும் இருக்கிறது. முப்பத்தொரு வீடு, பெயருக்கு நேரே எத்தனை துண்டு என்று. கடைசி வரியில் பெயர் இல்லை, ஏழு என்று மட்டும் இருக்கிறது. ஒருமுறை கேட்டேன். "அது திடீரெண்டு வாற ஆக்களுக்கு" என்றாள். நம்பினேன். பதினொரு வருடம் என் மூக்குக்குக் கீழே பார்சல் கட்டியிருக்கிறாள். பேக்கரிக்காரனுக்குத் தெரியும், அவன் மனைவிக்குத் தெரியும், தபால்காரனுக்கும் தெரிந்திருக்கும். எனக்கு மட்டும் தெரியாது. கோபம் கோபமாக வருகிறது. கோபித்துக்கொள்ள ஆள் இல்லை.

இதை உனக்கு எப்படி


ஓர்ஸ் ஹில்
திருகோணமலை
20.11.2023

இராகுலனுக்கு,

உன் 12ஆம் திகதிக் கடிதம் கிடைத்தது. அண்ணி எழுத முடியாத நிலையில் இருப்பதால் நான் எழுதுகிறேன். புது விலாசத்தைக் குறித்துக்கொண்டேன். பார்சல் வழமை போல வந்து சேரும். நீ கேட்ட மற்ற விடயத்தைப் பற்றிப் பிறகு அறியத் தருவேன்.

இங்கு மழை.

இப்படிக்கு,
த. ஞானசேகரம்


ஹட்டன்
29.11.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கையெழுத்தை உறையில் கண்டதும் முதலில் பயந்துபோனேன். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு கடிதம், அதுவும் நீங்கள் வேலை செய்த துறைமுகக் கந்தோரில் இருந்து வந்த நோட்டீஸ் மாதிரி. "அறியத் தருவேன்" என்றதை வாசித்துச் சிரித்துவிட்டேன், கோபிக்க வேண்டாம். எத்தனை தரம் வாசித்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

அண்ணிக்குக் கையில் ஏதுமா, கண்ணிலா? போன வருடக் குறிப்பில் எழுத்து கோணல் மாணலாகத்தான் இருந்தது. கண்ணென்றால் வைத்துக்கொண்டிருக்காமல் காட்டுங்கள். இத்துடன் ஒரு கம்பளிச் சால்வை அனுப்புகிறேன். ஊதா நிறம் அவவுக்குப் பிடிக்கும். திருகோணமலை வெயிலுக்கு இது என்னத்துக்கு என்று கேட்பா. மார்கழி மழையில் முழங்காலில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

நான் அங்கே வந்தால் உங்களுக்குத் தொந்தரவு தரமாட்டேன். ஆராதனையில் பின்வரிசை வாங்கில் இருப்பேன், பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவே மாட்டேன். மத்தியானம் அண்ணியின் கோழிக்கறி. பின்னேரம் தட்டங்களை மூடிக் கட்டிக்கொண்டு கேக் குடுக்கப் போவோமே, அந்த வேலையை என்னிடம் தாருங்கள். முன்பு நான் போனால் வழியில் ரெண்டு துண்டு குறையும் என்று அண்ணி எண்ணித்தான் தருவா. இப்போது குறையாது.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. கராஜில் கை விறைத்து ஸ்பானர் நழுவுகிறது. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு என்னோடு கதைக்க ஒரு சீவன் இல்லை. ரேடியோவோடு கதைக்கிறேன், அது மறுத்துப் பேசாது.

என் போன் நம்பர் கீழே எழுதியிருக்கிறேன். எடுத்தால் சந்தோசம். எடுக்காவிட்டாலும் நீங்கள் எழுதினதே போதும்.

உங்கள் தம்பி
இராகுலன்


ஓர்ஸ் ஹில்
திருகோணமலை
11.12.2023

இராகுலனுக்கு,

பார்சல் இத்துடன். ஏழு துண்டு. பிரண்டி ஊற்றாத தட்டில் இருந்து வெட்டியது.

சால்வை கிடைத்தது. அண்ணிக்குப் பொருத்தமான நிறம்.

இந்த முறை நீ வராமல் விடுவது நல்லது. வீட்டில் பெயின்ற் வேலை நடக்கிறது, இருக்க இடம் இல்லை. அடுத்த வருடம் பார்ப்போம்.

இப்படிக்கு,
த. ஞானசேகரம்


ஹட்டன்
16.12.2023

அண்ணா,

பார்சலின் நூலை வெட்டும்போதே மணந்துவிட்டது.

முதலில் என் மூக்கில்தான் பிழை என்று நினைத்தேன். பதினொரு வருடம் விட்டிருந்தவனுக்கு எங்கே போனாலும் அந்த மணம் வரும். ஒரு துண்டை எடுத்துக் கடித்தேன். நாக்கு உடனே சொல்லிவிட்டது. துப்பினேன். வாயைக் கழுவினேன். மிச்சத்தை அப்படியே சுற்றிக் கட்டி யன்னலில் வைத்துவிட்டுக் கட்டிலில் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க எனக்குக் கேக் வேண்டியிருக்கவில்லை, அண்ணா. அதற்குள் இருந்ததுதான் வேண்டியிருந்தது. பிறகு எழும்பிக் கதவைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டுக் குணேஸ்வரி அக்காவிடம் கொடுத்து, "நாளைக்கு விடியும் மட்டும் நான் கேட்டாலும் தராதேங்கோ" என்று சொல்லிவிட்டுக் கராஜுக்குப் போனேன். அங்கேயே படுத்தேன். வெல்லவும் இல்லை, தோற்கவும் இல்லை. திறப்பு இல்லாததால் தப்பினேன்.

இதை உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. அண்ணி இந்தப் பிழையை விடமாட்டா. காய்ச்சலில் படுத்துக் கிடந்து கேக் செய்தாலும் விடமாட்டா. அவவின் துண்டுகள் தீப்பெட்டி அளவு, ஒன்றுக்கொன்று மாறாது. எண்ணெய்த் தாளின் நுனியை உள்ளே மடித்துச் செருகுவா. நீங்கள் அனுப்பினதில் ஒன்று பெரிது, ஒன்று சின்னது, தாளை ஒட்டியது பசை ரேப்பால். ஒவ்வொரு வருடமும் மேலே ஒரு சின்னக் குறிப்பு வைப்பா. அதுவும் இல்லை.

எழுத முடியாத நிலை என்றால் எப்படியான நிலை? அண்ணி இருக்கிறாவா?

பெயின்ற் வேலை என்று மட்டும் எழுதாதீர்கள்.

இராகுலன்


ஓர்ஸ் ஹில்
திருகோணமலை
19.12.2023

இராகுலன்,

இல்லை. ஜூலை எட்டாம் திகதி போய்விட்டாள். நெஞ்சு அடைப்பு. அதிகம் கஷ்டப்படவில்லை. சேர்ச் மயானத்தில், கடற்பக்கத்து மதிலோரம், ரெண்டாவது வேப்பமரத்தடியில் இருக்கிறாள். கல் இன்னும் வைக்கவில்லை. பெயர் எழுதின மரச் சிலுவை நிற்கிறது.

உனக்கு நான் அறிவிக்கவில்லை. ஜமால்தீன் கேட்டபோது அறிவித்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். உன் கடிதம் வந்த அடுத்த நாளே எல்லாவற்றையும் எழுதினேன், போடாமல் மேசை லாச்சிக்குள் வைத்தேன். இரண்டாவது கடிதம் வந்த பிறகு உன் நம்பரை மூன்று தரம் அழுத்தினேன், மணி அடிக்க முதலே வைத்துவிட்டேன். நீ அனுப்பின சால்வையை வாங்கிக்கொண்டு, அண்ணிக்குப் பொருத்தமான நிறம் என்று எழுதினேனே, அதை எழுதின கை இதுதான்.

கேக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளுடைய கொப்பியில் சாமான் மட்டும்தான் எழுதியிருக்கிறது, செய்கிற முறை இல்லை. கந்தோரில் என்னோடு வேலை செய்த யோகலிங்கத்திடம் கேட்டேன். "பழத்தை ரெண்டு கிழமை பிரண்டியில ஊறப் போடும், ஐசே" என்றான். அவன் எதைத்தான் அதில் ஊறப் போடமாட்டான்! அந்தப் பழத்தையே இரண்டு தட்டுக்கும் போட்டேன். சுட்ட பிறகு ஒரு தட்டுக்கு மேலே ஊற்றினேன், மற்றதற்கு ஊற்றவில்லை. அது போதும் என்று நினைத்தேன். பழத்துக்குள் இருந்தது என் மண்டைக்கு எட்டவில்லை.

உன் கடிதத்தை வாசித்த கையோடு பேக்கரிக்கு ஓடினேன். முஸ்லிம் வீடுகளுக்குக் கொடுக்க வைத்தது நல்ல வேளையாக இன்னும் வீட்டில் தகர ரின்னுக்குள் இருக்கிறது. ஆனால் சுட்டது அவர்களுடைய பேக்கரிப் போறணை அடுப்பில். ஜமால்தீனிடம் உண்மையைச் சொன்னேன். அவன் போறணைக் கதவைத் திறந்து உள்ளே பார்த்தான். பிறகு சொன்னான்: "டீச்சர் சுட்டு ஆறினதுக்குப் பிறகு, ஊட்ட கொண்டு போய்த்தான் ஊத்துவா. பழம் தேன்ல ஊறினது. முப்பது வருஷத்துல ஒரு சொட்டு எங்கட போறணைக்கு வரல்ல. அண்டைக்கு எனக்கு மணந்ததுதான் ஐயா. ஆனா டீச்சர் ஊட்டுத் தட்டாச்சே, எப்பிடிச் சந்தேகப்படுற?" அன்றைக்கே போறணையைக் கழுவினார்கள். நானும் கூட நின்று தண்ணீர் ஊற்றினேன்.

முப்பத்தெட்டு வருடம் அந்தக் கேக்கைத் தின்றிருக்கிறேன். ஊரையும் உன்னையும் நோகவிடாமல் அவள் செய்த ஒன்றையாவது நான் கவனிக்கவில்லை.

உன்னை அந்தக் கட்டிலில் இருத்தி யன்னலைப் பார்க்க வைத்ததற்கு மன்னித்துக்கொள்.

நத்தாருக்கு வருவதும் வராததும் உன் விருப்பம்.

ஞானசேகரம்


ஜமால்தீன் நானாவின் பேக்கரி
திருகோணமலை
25.12.2023

அண்ணா,

நான் வந்தேன். விடிய வந்து இறங்கி நேரே அண்ணியிடம் போனேன். மதிலுக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்துகொண்டிருந்தது. மழைக்குச் சிலுவை கொஞ்சம் சரிந்திருந்தது, நிமிர்த்திக் கல்லடுக்கி வைத்தேன். நல்லாக அழுதேன். நாலு பேர் பார்க்கவில்லை.

ஜூலையில் இருந்து ஒவ்வொரு இரவும் அவவின் முழங்கால் சுகமாக வேண்டும் என்று செபம் பண்ணியிருக்கிறேன். அதை நினைக்கத்தான் உங்கள் மேல் ஆத்திரம் வருகிறது. ஒரு போன், ஒரு வரி. எனக்கு அவ தாய்.

பிறகு ஓர்ஸ் ஹில் ஏறி வந்து கேற்றடியில் நின்றேன். பன்னிரண்டு மணி இருக்கும். கதவு திறந்திருந்தது. நீங்கள் மேசையடியில் இருந்தீர்கள், முன்னால் இரண்டு சாப்பாட்டுக் கோப்பை. சால்வை பக்கத்துக் கதிரையில் கிடந்தது. சுவருக்குப் பெயின்ற் அடித்து இருபது வருடம் இருக்கும். அரை மணித்தியாலம் நின்றேன். நீங்கள் நிமிரவில்லை.

என் விருப்பம் என்று எழுதியிருந்தீர்கள். விருப்பம் எனக்கு எப்போதும் இருந்தது, அண்ணா. அது காணாது. மிதிக்காதே என்று சொன்ன வாய்தான் வா என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் நான் எப்படிக் கேற்றைத் திறப்பது?

இங்கே நஜ்முன் நிஸா அக்கா பாணும் சம்பலும் தேத்தண்ணியும் தந்தா. அதுதான் இந்த வருடம் நத்தார்ச் சாப்பாடு. மூன்று மணி பஸ்ஸில் போகிறேன். கடிதத்தை அவவிடமே கொடுத்துவிட்டுப் போகிறேன். உங்களுக்குச் சுகம் கிடைக்கட்டும்.

இராகுலன்


ஓர்ஸ் ஹில்
26.12.2023

தம்பி,

நான் உன்னைக் கண்டேன்.

கேற்றடியில் பையோடு நீ வந்து நின்றதும் கண்டேன். தலை நரைத்திருந்தது. முதலில் அப்பாதான் நிற்கிறார் என்று நெஞ்சு திடுக்கிட்டது. எழும்ப நினைத்தேன், கதிரையின் கையைப் பிடித்தபடி இருந்துவிட்டேன். வா என்று ஒரு எழுத்து, அது வாய்க்கு வரவில்லை. நீயாகத் தள்ளித் திறந்துகொண்டு வருவாய், வந்ததும் வராததுமாய் "பசிக்குது அண்ணா" என்பாய் என்று கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ என் சொல்லைக் கேட்டு நடக்கிறவன் என்பது எனக்கு மறந்துபோனது. நிமிர்ந்தபோது நீ இல்லை. கேற்றடிக்கு ஓடி வந்தேன். இறக்கம் வரைக்கும் ரோட்டில் ஒருவரும் இல்லை. திரும்பி வந்து இரண்டு கோப்பைச் சோற்றையும் மூடி வைத்தேன். ஒன்றும் சாப்பிடவில்லை.

பின்னேரம் நஜ்முன் நிஸா கடிதத்தைக் கொண்டுவந்தாள். அவள் எப்போதும் ஐயா, ஐயா என்றுதான் கதைப்பாள். நேற்று அப்படிக் கதைக்கவில்லை. "அந்தத் தம்பி கண்ணத் துடைச்சித் துடைச்சிப் பாண் திண்டிச்சு. நீங்க என்ன மனிசன்?" என்று கேட்டாள். பிறகு அவளே என் குசினிக்குள் போய்ப் பழத்தை அளந்து தேனில் ஊறப் போட்டுவிட்டு, "காலையில தட்டக் கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். இன்று காலை கொண்டு போனேன். ஜமால்தீன் வாங்கி மணந்து பார்த்தான். இனி என் தட்டை மணந்து பார்க்காமல் வைக்கமாட்டான், அது நியாயம்தான். ஒரு ராத்திரி ஊறின பழம், உன் அண்ணியின் கேக் மாதிரி வரவில்லை. ஆனால் ஒரு சொட்டும் இல்லை.

ஏழு துண்டு வெட்டினேன். தீப்பெட்டியை வைத்து அளந்துதான் வெட்டினேன். தாளின் நுனியை உள்ளே மடித்துச் செருகினேன், மூன்று தரம் கிழிந்தது.

இன்று பௌர்ணமிப் போயா விடுமுறை, தபால் கந்தோர் பூட்டு. நாளைக்குத் திறக்கும்போது முதல் ஆளாய் நிற்பேன். போனிலும் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு நாலு பேருக்கு முன்னால் சொன்னதை ஒருவருக்கும் கேட்காமல் போனில் திருப்பி எடுக்க எனக்கு விருப்பமில்லை. எழுத்தில் கிடக்கட்டும், வேண்டியவர்களுக்கு வாசித்துக் காட்டு.

இந்த வாசலை மிதி. வா.

இந்த முறை பார்சல் அனுப்பமாட்டேன். ஏழும் இங்கேதான் இருக்கிறது. வந்து சாப்பிடு.

அண்ணன்